நாலு மணி நேரம்னு சொன்னது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுறது. நாங்க சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமான்னு தொடங்கத்தான் கை போச்சு, ஆனா அதுல முதல் பாதியை எழுத மனசு வரல. நீ எப்படி இருக்கே, குளிருக்குத் தலையை மூடிக்கிட்டு வெளிய போறியா. போன்ல பேசினா உங்கம்மா காதுல விழும், தவிர உன் குரலைக் கேட்டதும் நான் மறுபடியும் பொய் சொல்லிடுவேன், அதனாலதான் இதை எழுதிப் படம் எடுத்து அனுப்புறேன்.

அம்மாடி, நம்ம வீட்டுக்குக் கரண்ட் கம்பி வராதுன்னு நீ அங்கிருந்தே கணக்குப் போட்டு சோலார் வெச்சுக் கொடுத்தியே, அன்னைக்கு அம்மாவோட ஆக்சிஜன் மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்னு கேட்டே. நாலு மணி நேரம்னு வாய் கூசாம சொன்னேன். அப்பவே பத்து மணி நேரம் ஓடிக்கிட்டிருந்தது. உண்மையைச் சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவியோன்னு பயம். நீயும் அந்த நாலை நம்பி ரெண்டு பேனல், நாலு பேட்டரி போதும்னே. நான் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், வெயில் இருந்தவரைக்கும் எப்படியோ ஒப்பேத்தினேன். போன மாசம் டாக்டர் நாள் பூரா மெஷின் வேணும்னுட்டார், அதோட மழையும் வந்து சேர்ந்துச்சு. அஞ்சு நாளா சூரியன் முகமே காட்டல. நான் ஒரு கிறுக்கன், மாடிக்கு ஏறி ஏறிப் பேனலைத் துடைக்கிறேன், துடைச்சா வெயில் வந்துடுமா. நேத்து மத்தியானம் இறங்கி வர்றேன், உங்கம்மா மூக்குக் குழாயைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்கு. மெஷினை அவளே அணைச்சிருக்கா. "பேட்டரியில சிவப்பு விளக்கு எரியுதுங்க, அதுவும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்"னு திணறித் திணறிச் சொல்லிட்டு சிரிக்கிறா. ஓடிப் போய் மெஷினைப் போட்டு, குழாயை எடுத்து அவ மூக்குல மாட்டினேன். திட்டவும் முடியல, அழவும் முடியல.

பேனல் மாட்டின ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு, மெஷின் எத்தனை மணி நேரம் ஓடும்னு கணக்குக் கொடுத்தீங்கன்னு கேட்டார். திருடன் மாதிரி முழிச்சேன். ஏழெட்டுப் பேனலாவது வேணும், பேட்டரியும் அதுக்கேத்த மாதிரி ஏத்தணும், மழை விட்டாத்தான் மாடியில ஏற முடியும்னுட்டுப் போயிட்டார். ஆஸ்பத்திரியில படுக்கை காலி இல்லைங்கறாங்க. கிளினிக் நர்ஸம்மா பாவப்பட்டு ஒரு சிலிண்டர் கொடுத்திருக்காங்க, ரெண்டு நாள் தாங்கும். அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு சத்தியமா எனக்குத் தெரியலம்மா.

நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும், நோய் நொடி உங்களை அண்டக் கூடாது. வேலை வேலைன்னு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அன்னைக்கு நீ கேட்டதுக்கு இன்னைக்குச் சரியான பதில் இருபத்துநாலு மணி நேரம். அதை வெச்சு மறுபடியும் கணக்குப் போடு, மழை நாளையும் சேர்த்துக்கோ. நீ ஓடி வந்துடுவியோங்கற பயம் இப்ப எனக்கு இல்ல. வந்துடும்மா.

உன் அப்பா