மச்சானுக்குப் பிடித்த சிவப்பு வைன்

ஜூன் 13, வெள்ளி

நாத்தனார் மஜீதா ஒரு வீடியோ அனுப்பினாள். துபாய் ஓட்டலில் சாப்பிட வந்த எவனோ எடுத்தது. பாட்டிலும் கையுமாக நிற்கிறது யார்? என் வீட்டுக்காரர் சஃபீரேதான்! பரிமாறுகிற வேலை, பாட்டிலைத் தொடாமல் முடியாது, தெரியும். ஆனால் "இதுதான் என் ஃபேவரிட், கலிஃபோர்னியா ஜின்ஃபாண்டல்" என்று அந்தச் சிவப்பு வைனைப் பற்றி இங்கிலீஷில் அளக்கிறார். செய்கிறது மார்த்தா என்று ஒரு பொம்பளையாம். எண்பது வருஷத்துத் திராட்சைக் கொடியாம், மழையைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டாளாம். நாவல்பழ வாசமாம், கடைசியில் மிளகாம்.

ஃபேவரிட்டா? குடிக்காமல் எப்படி ஃபேவரிட் ஆகும்?

ஜூன் 14

போனில் கேட்டுவிட்டேன். "மோந்து பார்ப்பேன் புள்ள, அவ்வளவுதான். அந்தம்மா போன வருசம் ஓட்டலுக்கு வந்துச்சு, எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு. தண்ணியில்லாத வெவசாயம்னதும் நம்ம ராம்நாடு ஞாபகம். அதான் புடிச்சுப்போச்சு." சிரிப்பு வேறு. யார் காதில் பூச் சுற்றுகிறார்?

ஜூலை 3

திடீரென்று ஊருக்கே, வேதாளைக்கு வந்து நிற்கிறார். ஒரு மாச லீவாம். மகள் மின்ஹாவைத் தூக்கிக் கொஞ்சினார். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கிட்டப் போய் வாயை மோந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம். ஏலக்காய் எதுக்கு? எதை மறைக்க?

ஜூலை 9

இன்றும் மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஜூலை 20

பெட்டியைத் துழாவினேன். பாட்டில் இல்லை. திரும்பிப் போகிற டிக்கெட்டும் இல்லை.

ஆகஸ்ட் 6

லீவு முடிந்து மூன்று நாள். கேட்டால், "போவோம், போவோம்." குடித்து மாட்டியிருக்கிறார், விரட்டிவிட்டார்கள். வேற என்ன? அல்லாவே! பள்ளிவாசலுக்கு வேற போறாரே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தொழுறாரு இந்த மனுசன்?

ஆகஸ்ட் 11

அவரோடு வேலை பார்த்த நவ்ஷாத், எனக்குத் தம்பி முறை, ஊருக்கு வந்தவன் வீட்டுக்கு வந்தான். அவர் வெளியே போயிருந்தார். "மச்சானுக்கு இங்கன ஏதும் வேலை அமைஞ்சுச்சா லாத்தா?" என்றான். என்னடா சொல்கிறாய் என்றேன். வைன் பிரிவுக்கே அவரைப் பெரிய ஆளாகப் போட இருந்தார்களாம். அதற்குக் குடித்துப் பார்த்துச் சொல்கிற பரீட்சையாம். "துப்பிருங்க, முழுங்க வேணாம்னுகூடச் சொன்னாங்க லாத்தா. நாக்குல வைக்கமாட்டேன்னு எந்திரிச்சுட்டாரு. விசாவப் புதுப்பிக்காம அனுப்பிட்டாங்க."

வந்ததும் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னா நம்பிருப்பியா புள்ள?"

இல்லை. நம்பியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 25

பக்கத்து ஊர் மண்டபத்தில் நண்டு கம்பெனி வேலைக்குப் போகிறார். சாயங்காலம் அலுத்துப்போய் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சும்மாதான், ஒட்டி உட்காரணும்போல இருந்தது. அவராகவே என் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து 'ஹா'வென்று ஊதிக் காட்டினார்.