பப்பாளியோடு இடித்த கழனி நண்டு

என் பிரியமுள்ள ராஜு அண்ணா,

நேற்று நானும் உன்னிடமே வந்துவிடுவேன் என்று பயந்துபோனேன். அதைச் சொல்ல உன்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், புது மெஷினைப் பழகிவரச் சொல்லி என்னையும் ஊத்துக்கோட்டை தாமுவையும் பாங்காக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். திருவள்ளூரைத் தாண்டாத நம் குடும்பத்தில் ஒருவன் விமானம் ஏறிவிட்டான். நீ இருந்திருந்தால் ஊரையே கூட்டி வழியனுப்பியிருப்பாய்.

நேற்று வேலை முடிந்து வாய்க்கால் ஓரச் சந்தைக்குப் போனோம். ஒரு அம்மாள் பச்சைப் பப்பாளியைச் சீவி, மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து உரலில் இடித்துக் கொடுத்தாள். காரம் நம்ம ஊர்க் காரம். ஆசையாகப் பாதித் தட்டை முடித்துவிட்டேன். அப்புறம்தான் பல்லில் ஓடு கடிபட்டது. பார்த்தால் சின்னதாய், கறுப்பாய், கழனி நண்டு.

அண்ணா, தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அறுபத்தெட்டில், புது ரக நெல்லும் பூச்சிமருந்தும் நம் பக்கம் வந்த புதிதில், பக்கத்துக் கழனியில் நண்டு பிடித்து அங்கேயே சுட்டுத் தின்றாயே! அன்று காலையில்தான் அங்கே மருந்தடித்திருந்தார்கள். அது நண்டிலும் ஏறும் என்று அடித்தவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. உன் வாயில் நுரை தள்ளியபோது பாம்புக்கடி என்றுதான் அம்மா நினைத்தாள். நீ கண்ணை மூடிய பிறகுதான், நண்டில் ஏறிய மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"இனிமே இந்த ஊட்டுக்குள்ள நண்டு நொழையக் கூடாது" என்று அன்று சொன்னாள். இப்போது அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான்.

"இன்னாடா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றான் தாமு. சொன்னேன். "பேஜாரு பண்ணாத. இத்தினி பேரு துன்னுகினு கீறாங்க, அவங்களுக்கு இன்னா ஆயிடுச்சு?" என்றவன், தன் தட்டையும் மெல்லக் கீழே வைத்துவிட்டான்.

எங்களுக்குப் பாஷை தெரியாது. நண்டைக் காட்டி, தோளில் பம்பு மாட்டி மருந்து தெளிப்பதுபோல் செய்து காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அதில்தான் எனக்குப் பயம் அதிகமானது. அப்படியானால் இங்கேயும் அடிக்கிறார்கள்!

எனக்குத் தைரியம் சொல்ல, உரலிலிருந்து ஒரு நண்டை எடுத்து என் கண்ணெதிரே மென்று விழுங்கினாள். அது எந்தக் கழனியில் பிடித்தது என்று அவளுக்கு மட்டும் தெரியுமா? அதற்கப்புறம் அவளுக்காகவும் சேர்த்துப் பயப்பட வேண்டியதாயிற்று.

அறைக்கு வந்தும் நாக்கு மரத்திருக்கிறதா, கண் மங்குகிறதா என்று கண்ணாடி முன்னாலேயே நின்றேன். விடிந்ததும் சந்தைக்கு ஓடினேன். அவள் இடம் காலியாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து நம்ம வீரராகவப் பெருமாளைக் கூப்பிட்டேன்.

வெயில் ஏறிய பிறகு கூடையோடு வந்து சேர்ந்தாள். என்னைக் கண்டதும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். நான் அழுதேவிட்டேன்.

அப்புறம் கூடையை இறக்கி, ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள். பப்பாளி இருந்தது, மிளகாய் இருந்தது. நண்டு இல்லை.

அண்ணா, ஊருக்கு வந்ததும் நம் கழனியில் மருந்தடிக்கிற அன்று, வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகுதான் பம்பைத் தொடுவேன். உன்னிடம் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

உனக்கு இளையவன்,
கோபால்