சைக்கிள் சீற்றுக்கு வந்த வரி

வியாழன், ஸபர் பிறை ஒன்பது.

போன மாதம் சலீம் தன் கடையில் சைக்கிள் சீற்றுக்கு வற் வரி சேர்த்து விலை சொன்னபோது ரசீதுத் துண்டு கேட்டேன். "ரெண்டாம் வகுப்புக்குத் துண்டு எதுக்கு காக்கா?" என்றான். நான் படித்தது அவ்வளவுதான். நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவனுக்கு வரி கொடுக்கக் கூடாதென்றே மருமகனின் போனில் வெளிநாட்டிலிருந்து சீற்று எடுப்பித்தேன். இன்று தபால் கந்தோரில் அதற்கும் வரி கட்டச் சொன்னார்கள். வயிறெரிந்து கட்டினேன். கிளார்க் பிள்ளை துண்டு தந்தாள்.

"இது எதுக்கு மகள்?"

"வற் வாங்கினா துண்டு தரத்தானே வேணும் மாமா. கடைக்காரனுக்கும் அப்படித்தான். வற்றுக்குப் பதிஞ்ச நம்பர் துண்டில இருக்கும்."

"நம்பர் இல்லாதவன்?"

"அவன் வற் வாங்க ஏலா."

சலீம் என்னிடம் பெடலுக்கும் செயினுக்கும் இரண்டு டயருக்கும் வற் வாங்கியிருக்கிறான், ஒன்றுக்கும் துண்டு தந்ததில்லை. எந்த நாள், யார் பக்கத்தில் நின்றார் என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

நாளை ஜும்ஆ முடிந்ததும் அவன் கடை நிறைந்திருக்கும். இந்தச் சீற்றை அவனிடமே சைக்கிளில் பூட்டக் கொடுப்பேன். கூலிக்கும் வற் சேர்ப்பான், சேர்க்கட்டும். பிறகு என் துண்டை விரித்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துவிட்டு, அவன் நம்பரைக் கேட்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். எல்லோருக்கும் கேட்க வேண்டும்.