உன் வயிற்றுக்கு என் பேர்

அக்கா,

நம் உப்பளம் பேட்டைக் கோயில் வாசலில் இன்று வேளாங்கண்ணி நடைக்காக வேனில் சாமான் ஏற்றுகிறார்கள். நீலத் தார்ப்பாயை உதறினார்கள். அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் எதிரே இருந்த தெரு தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

வேளாங்கண்ணிக்கு நீ முதன்முதலாய் நடந்து வந்த வருஷம். காலையில் நடை, வெயில் ஏறினால் தோப்பில் தார்ப்பாய்க் கூடாரம். உன் குடலில் புண், ஆயுசுக்கும் தீராது என்பது கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். கொள்ளிடம் நெருங்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாய்.

"என்னாக்கா, மாதா இங்கயே வந்து பாக்கட்டும்னு உக்காந்துட்டியா?"

நீ சிரிக்கவில்லை. "கெளம்புனதுலேருந்து ஒண்ணும் சாப்புடலடி. சாப்புட்டா போவணும். ஒரு தரமா, ரெண்டு தரமா? இத்தினி பேரு பாக்க எங்கடி போவேன்? மானமே போயிரும். என்ன பஸ் ஏத்தி உட்டுரு."

பஸ்ஸா? என் காலாலேயே நடந்து மாதா முன்னால் போய் நிற்கணும் என்று வீட்டில் சண்டை போட்டுக் கிளம்பியவள் நீ. நான் எழுந்து நின்று கத்தினேன்.

"யப்பா, எல்லாரும் நில்லுங்க! நேத்து தின்ன பரோட்டா என் வயித்துல சண்ட போடுது!"

கூட்டமே சிரித்தது. வேனிலிருந்து களைக்கொத்தை எடுத்துப் போய், பனைமரத்துக்குப் பின்னால் குழி வெட்டினேன். நாலு குச்சி நட்டுப் பழைய புடவையைச் சுற்றினேன். துணைக்கு வா என்று உன்னை இழுத்துப் போய் உள்ளே விட்டுவிட்டு, நான் காவல் நின்றேன். வெளியே வந்து கை கழுவிக்கொண்டு, "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாய், பிரெஞ்சுக்காரன் பென்ஷன் வாங்கும் வீட்டு மருமகள் மிடுக்கோடு. அப்புறம்தான் இட்லி தின்றாய்.

அதிலிருந்து எந்தத் தோப்பில் தங்கினாலும், கூடாரம் போடும் முன்பே உன் குழி தயார். உள்ளேயிருந்து மிஸ்டு கால் கொடுப்பாய், தண்ணீரோடு ஓடுவேன். பேர் மட்டும் எனக்கு. "ஓட்ட வயிறு வருது, வழி உடுங்கப்பா!" ஊரையே கிண்டல் செய்கிறவளுக்கு அது ஒரு பாரமா? மாதா முன்னால் நீ முட்டி போட்டு அழுததைப் பார்த்தேனே, அது போதும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில், நடைக்கூட்டத்துப் பெண்கள் உன்னைப் பார்க்க வந்த நேரம் படுக்கை நனைந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய்.

"ஐயோ, கஞ்சியக் கொட்டிட்டேன்! எல்லாரும் வெளிய போங்க" என்று விரட்டினேன்.

துடைத்து மாற்றும்போது கேட்டாய், "இன்னும் எத்தினி நாளுடி பொய் சொல்லுவ?"

"நீ இருக்கற வரைக்கும்" என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். மறுநாள் நீ இல்லை.

"ராணி மாதிரி நடந்தாளே" என்று அடக்கத்தன்று ஒருத்தி அழுதாள்.

போன வருஷம் நீ இல்லாத முதல் நடை. கொள்ளிடத்தில் முன்னால் போனவர் தானாகவே நின்றார். "போய்ட்டு வாம்மா, ஒன் வயித்துக்கு ராசியான எடமாச்சே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பனைமரத்துக்குப் பின்னால் போனேன். புடவையைச் சுற்றிக் கட்டி, உள்ளே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

நாளைக்குக் கிளம்புகிறோம். என் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனாலும் கொள்ளிடத்தில் எல்லாரையும் நிற்கச் சொல்வேன்.