விரல் நுழையும் வலை

இன்று சங்கராபுரம் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் நின்றேன். பக்கத்து வீட்டு அண்ணி கோழி வளர்க்கப் போகிறார். ரெடிமேட் கூடு பார்க்க என்னையும் அழைத்து வந்திருந்தார். புது இரும்பு. காயாத பெயிண்ட் வாசனை. அக்கா, என் விரல் தானாக வலைக்குள் போனது.

அன்று உன் விரல்தான் போனது. கள்ளக்குறிச்சியில் உனக்கு டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது இதே பட்டறையில் இறங்கினோம். முட்டையின் வெள்ளைக்கரு நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அது மட்டுமல்ல. வேலைக்குப் போக முடியாத உடம்போடு, காலையில் எழுந்திருக்க உனக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்று குட்டை, நெருக்கமான வலை, பெயிண்ட் இல்லை. மற்றது நீலம், அகலமான வலை. சக்கரம் உண்டு, முட்டை உருண்டு வர ஒரு தட்டும் உண்டு.

நீலக் கூட்டின் வலையில் விரலை விட்டாய். "இன்னாடா இது, என் ரெண்டு விரலு பூருது?"

"கோழி வெளிய வராதுல்ல, அது போதும்."

"கோழி வராது. உள்ள இன்னா போவும்னு பாரு."

நான் ஒரு வாரம் கோழி வளர்ப்பு வீடியோ பார்த்தவன். நீலம்தான் என்றேன். "தம்பி படிச்சவரு, விடுங்கம்மா" என்றார் பட்டறைக்காரர்.

"படிச்சவன் வாங்குற கூடு. கோழியே உள்ள போயி தாப்பா போட்டுக்கும் பாருங்க" என்றாய் நீ.

நான்கு கோழிகள். பொழுது சாயும்போது கூட்டைச் சுற்றிச் சாக்கைப் போர்த்திக் கயிறு கட்டுவாய். காலையில் வெள்ளைக்கரு உனக்கு, மஞ்சள் எனக்கு. "துன்னுடா, மூளைக்கு ஆவும்."

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த களைப்பில், சாக்கைக் கட்டியதும் நீ படுத்துவிட்டாய். காற்றோட்டம் இல்லாவிட்டால் கோழிக்குச் சளி பிடிக்கும் என்று ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன். சாக்கை அவிழ்த்து மடித்து வைத்தேன்.

காலையில் நான்கும் வலையோரம் கிடந்தன. தலைகள் இல்லை. மரநாய் கையை விட்டு இழுத்திருக்கிறது. வலை அறுபடவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

நீ கூட்டின் முன்னால் குந்தியிருந்தாய்.

"கட்டாமலே தூங்கிட்டேன் போலடா. இப்பல்லாம் ஒண்ணுமே நெனப்புல நிக்க மாட்டேங்குது."

நான் பேசவில்லை. "ஒரு சாக்கு கட்டக்கூட ஆவலையா உன்னால?" என்று அம்மா கேட்டாள். அப்போதும் பேசவில்லை.

வேறு கோழி வாங்கலாம் என்றேன். "வேணாம்டா. என்ன நம்பி இனிமே எந்த உசுரும் வேணாம்."

அதன்பிறகு ஆஸ்பத்திரி போகும் நாளன்று உன்னை எழுப்பவேண்டி வந்தது. பிறகு ஒரு நாள் எழுப்பியும் நீ எழவில்லை.

கூடு இன்னும் வீட்டுப் பின்புறம் இருக்கிறது. நீலம் உரிந்துவிட்டது.

இன்று அண்ணியும் நீலக் கூட்டைத்தான் தொட்டுப் பார்த்தார். நான் குட்டைக் கூட்டின் வலையில் சுண்டுவிரலை வைத்தேன். நுழையவில்லை. "இத எடுங்க அண்ணி. அப்பவும் பொழுது போனா சாக்கு கட்டுங்க."

"பாவம், உங்க அக்கா மறந்த மாதிரி நானும் மறந்துடுவேனோ இன்னாவோ" என்றார்.

"அவ மறக்கல. நான்தான் அவுத்தேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நீ மறக்கவில்லை, அக்கா. மூன்று முடிச்சுப் போட்டிருந்தாய். கடைசி முடிச்சை அவிழ்க்கையில் என் நகம் பிய்ந்தது.