இடுப்பெலும்பில் சிமெண்ட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று வண்டியை நான் நிறுத்தவில்லை. ஓட்டப் பழக வந்த பெண்தான் நிறுத்தினாள். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. என் பக்கத்து பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன். வலது இடுப்பில் ஆணி இறங்கியதுபோல் ஒரு வலி. கால் எழவே இல்லை. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

"கரெக்டா பண்ணேனா டீச்சர்?" என்று பூரித்துப்போய்க் கேட்டாள்.

"ரொம்ப கரெக்ட்டும்மா" என்றேன்.

சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். "கால் என் பேச்சைக் கேக்கல சார்" என்றேன்.

மார்ச் 6

சில வருடங்களுக்கு முன் மார்பில் புற்று வந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். போன வருடம் இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. கதிர்வீச்சு கொடுத்ததில் அடங்கிய வலி இப்போது வட்டியோடு திரும்பியிருக்கிறது. மாத்திரை போட்டால் நாக்கு குழறுகிறது, தலை சுற்றுகிறது, வலி மட்டும் தெளிவாக இருக்கிறது.

மார்ச் 11

புது டாக்டரைப் பார்த்தோம். கத்தி வைக்காமல் ஊசியாலேயே வேலை பார்ப்பவர். மனசுக்குள் 'ஊசி டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டேன். தோல் வழியாக எலும்புக்குள் ஊசியை இறக்கி, அதன் நுனியைச் சூடாக்கிக் கட்டியைச் சுடுவார்களாம். அது அரித்துவைத்த பொந்தை சிமெண்ட் விட்டு அடைப்பார்களாம்.

சிமெண்ட் என்றதும் கொத்தனாரான என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி ஊத்தி நனைக்க வேண்டாமா டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள இறுகிடும்."

"அப்ப நம்ம சரக்கு இல்ல" என்றார் இவர்.

பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது நோயைத் தீர்க்காதும்மா. வலியைக் குறைக்கும். எலும்பு ஒடியாமப் பாத்துக்கும். அதுக்குமேல நான் ஆசை காட்டக் கூடாது."

இவர் திரையில் இருந்த எலும்புப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா? லிஃப்டில் இறங்கும்போதே தன் தங்கைக்கு போன். "எல்லாத்தையும் பொசுக்கிடுவாங்களாம். உங்க அண்ணி பழையபடி ஆயிடுவா."

நான் லிஃப்டின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தீராதென்று இவரிடம் எப்படிச் சொல்ல?

மார்ச் 19, புதன்

முடிந்தது. ஸ்கேன் மெஷினுக்குள்ளேயே படுக்க வைத்து, படம் எடுத்து எடுத்து ஊசியை இறக்கினார்களாம். எனக்கு மயக்கம், ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது இடுப்பில் ஒரு சின்ன பிளாஸ்திரி.

"இவ்வளவுதானா?" என்று இவர் அதை மூன்று முறை எட்டிப் பார்த்தார்.

மார்ச் 20

வலிக்கிறது. ஆனால் அடிபட்ட இடத்து வலி. உள்ளே ஆணி இல்லை. இருக்கிறதா? — இல்லை.

மார்ச் 24

நின்றுகொண்டே தலை வாரினேன்.

ஏப்ரல் 2

மாடிப்படி ஏறி இறங்குகிறேன். இவர் தெருவெல்லாம் "அவளுக்குச் சரியாப்போச்சு" என்று சொல்லிவருகிறார். அடுத்த வருடம் மாடியில் ஓர் அறை கட்டப் போகிறாராம். வேலைவிட்டு வந்து கொல்லைக் குழாயடியில் சிமெண்ட் பூசும் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"என்னங்க, அன்னைக்கு டாக்டர் கடைசியா சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

தலையைத் தூக்கவில்லை. கழுவின கரணையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம்…?"

"உனக்குக் கேக்கலியோன்னு நெனச்சேன். அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அட மனுசா! இத்தன நாளா என்கிட்டயே நாடகமா? நான் உங்களுக்காக வாய மூடிக்கிட்டுக் கெடந்தேனே! ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒத்தையா செமந்துக்கிட்டு…

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் மூடவில்லை.

மே 5

மறுபடி ஸ்கேன். இடுப்பு அமைதியாக இருக்கிறது. முதுகெலும்பில் புதிதாக ஒரு புள்ளி. இம்முறை அறைக்குள் இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டோம். மருந்தை மாற்றுகிறார்கள். மாதாமாதம் போக வேண்டும். மருந்தை ஏற்றிக்கொண்டபின் என்னால் எங்கள் காரை ஓட்ட முடியாது. இவருக்கோ சைக்கிளைத் தவிர ஒன்றும் தெரியாது.

"பழகிக்கிறேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

மே 25, ஞாயிறு

இன்று முதல் தடவையாகப் பெரிய ரோட்டில் இவர் ஓட்ட, நான் பக்கத்தில். சிக்னலில் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். இவருக்குக் காதோரம் வியர்வை வழிந்தது.

"என்ன பண்ணட்டும்? சொல்லேன்!"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த வாய்! ஆனால் நாளைக்கு யார் சொல்லுவார்? கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கால் கிளட்சைத் தேடி மிதித்தது. பிறகு சாவி திரும்பியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்து, சந்திப்பைக் கடந்தது.