ஒலிபெருக்கியில் விட்டுப்போன வரி

மார்ச் 4, செவ்வாய்

ஊர் ஒலிபெருக்கியில் நான் வாசித்த காலை அறிவிப்பில் இரண்டு சாவு, காணாமல் போன ஓர் ஆடு. ஆட்டைப் பற்றித்தான் அதிகம் பேர் வந்து விசாரித்தார்கள்.

மாவட்ட மன்றத்துச் சுகாதார அலுவலர் குவான்சா அம்மாள் புது விதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாய்க்கால் மேல் போட்டிருக்கும் கடைகளை மாத முடிவுக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காதவை மறு அறிவிப்பின்றி இடிக்கப்படும். போன மழையில் வாய்க்கால் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்ததே, அதற்காகத்தான். நியாயமான விதி.

ஆனால் ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே எங்கள் பேச்சில் சொன்னால் அடிதடி மாதிரி இருக்கிறது. நாங்கள் சாவுச் சேதியைக்கூட அப்படிச் சொல்லமாட்டோமே. வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்போம், என்ன சேதி என்று கேட்போம், அவர் எல்லாம் நலம் என்று தொடங்கி ஊரைச் சுற்றித்தான் விஷயத்துக்கு வருவார். நானும் சுற்றினேன். "மன்றத்துப் பெரியவர்கள் தொப்பியைக் கழற்றிக் கேட்டுக்கொள்கிறார்கள், வாய்க்கால் ஓரத்து அன்பர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது" என்றேன். இடிப்பது பற்றிய வரியை விட்டுவிட்டேன். விடிந்ததும் விடியாததுமாக அது எதற்கு?

மார்ச் 6, வியாழன்

எங்கள் நாட்டின் சுதந்திர தினம். பிள்ளைகள் வெயிலில் அணிவகுத்தார்கள். ஒலிபெருக்கி நடுவில் கரகரத்து மானத்தை வாங்கியது.

மார்ச் 15, சனி

அண்ணி கடையில் சாப்பிட்டேன். புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கென்கே உருண்டை, பொரித்த மீன், மிளகாய் அரைத்தது. அண்ணன் இறந்த பிறகு செர்வா அண்ணிக்கு அந்தப் பலகைக் கடைதான் எல்லாம். அது நிற்பதும் வாய்க்கால் மேல்தான். இப்போதுதான் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்.

"தம்பி, அன்னைக்குச் சொன்னியே, அது உத்தரவா, இல்ல கெஞ்சுறாங்களா?"

"கேக்குறாங்க அண்ணி. நீங்களும் மெதுவா இடம் பாருங்க."

"மெதுவான்னா?"

"மெதுவாத்தான்."

சிரித்துவிட்டு இன்னொரு மீனைத் தட்டில் வைத்தார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். புதுத் தகரத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 27, வியாழன்

அண்ணி வீட்டுக்குப் போகவில்லை. மூன்று இழவு வீட்டு அறிவிப்புகள், நேரமில்லை. நேரமில்லை என்பது பொய்.

ஏப்ரல் 2, புதன்

இடிச்சிட்டாங்க.

காலையிலேயே இயந்திரம் வந்துவிட்டது. வாய்க்கால் ஓரம் முழுக்க ஒரே வரிசையாக — முடிதிருத்தும் கடை, செல்போன் கடை, அண்ணி கடை. அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி அதைத் தூக்கவா, மீன் கூடையைத் தூக்கவா என்று நின்றார். நான் ஓடிப்போய்ப் பானையைத் தூக்கினேன். கை பொத்துப்போச்சு. போகட்டும்.

எல்லாரும் குவான்சா அம்மாளைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவர் தாளைக் காட்டினார். "ஒரு மாசம் முன்னாடியே குடுத்தேனே. ஆம்பொன்சா, நீங்க வாசிக்கலையா?"

வாசிச்சேன்னேன். அவ்வளவு பேரும் என்னைப் பாக்கிறாங்க. அண்ணி மட்டும் பாக்கல, தகரத்தைப் பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. என்னத்த வாசிச்சேன் நான்? யாரைக் காப்பாத்தறதுக்கு அந்த வரியை விட்டேன்? அவங்க மனசு நோகக் கூடாதுன்னா? இல்ல, அவங்க முகம் சுளிக்கிறதை நான் பாக்கக் கூடாதுன்னா?

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணி வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். என்ன சேதி என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் நானாக எப்படித் தொடங்குவது? குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நல்ல சேதி. புதுச் சந்தையில் தயாராக இருக்கும் கடைகளில், இடிபட்டவர்களுக்குத்தான் முதல் உரிமை. வாடகை முதல் வருடம் கிடையாது. அடுத்த வியாழனுக்குள் மன்ற அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். குவான்சா அம்மாளே மேலிடத்தில் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்.

காலை, மதியம், மாலை என மூன்று முறை வாசித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மாலையில் முடிதிருத்தும் என்டிம் என் ஒலிபெருக்கிச் சாவடிக்கு வந்து சன்னலில் சாய்ந்துகொண்டான். "அண்ணே, போன தடவை நீங்க தொப்பியைக் கழட்டினீங்க, எங்க கூரை போச்சு. இந்தத் தடவை வாடகையே இல்லேங்கிறீங்க. என்ன போகப்போகுதோ?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

நாளையோடு கெடு முடிகிறது. யாரும் போகவில்லையாம். பெயர் கொடுத்தால் வாய்க்காலை மறித்ததற்கு அபராதம் போடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

அண்ணியிடம் ஓடினேன். இந்த முறை தண்ணீருக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"அண்ணி, அது நெசம். பேரைக் குடுங்க. நான் கூட வாரேன்."

"அன்னைக்கும் இதே முகத்தோடதான சொன்ன, தம்பி."

"அன்னைக்கு மறைச்சேன். இன்னைக்கு மறைக்கல."

"எது மறைச்சது, எது மறைக்காததுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல் இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடைகள் பக்கத்து ஊர் வியாபாரிகளுக்குப் போய்விட்டன. "உங்க ஊருக்கு வேண்டாம்போல இருக்கு" என்றார் குவான்சா அம்மாள். மன்றம் சொன்ன ஒரே நல்ல சேதி. அதை என் வாயால் கெடுத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பெரிய மழை. வாய்க்காலில் தண்ணீர் தங்குதடையின்றி ஓடியது. பள்ளிக்கூடத்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை.

மே 3, சனி

அண்ணி சாவடிக்கே வந்தார். நான் முக்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"ஒரு அறிவிப்பு, தம்பி. டெச்சிமான் டவுன்ல இருக்கற மக வீட்டுக்கே போறேன். கடைச் சாமானெல்லாம் விக்கணும். ரெண்டு பெரிய பானை, எண்ணெய்ச் சட்டி, பெஞ்சு, அந்தப் புதுத் தகரம்."

"அண்ணி, நான் வேற ஏதாவது..."

"சுத்தி வளைக்காம சொல்லு. நான் போறேன்னும் சொல்லு. திரும்பி வருவேன்னு நீயா எதையும் சேத்துடாத."

அவர் நிற்கும்போதே வாசித்தேன். அன்பர்கள் இல்லை, தொப்பி இல்லை. செர்வா ஊரை விட்டுப் போகிறார், திரும்பி வரமாட்டார், கடைச் சாமான்கள் விற்பனைக்கு. குரல் ஓரிடத்தில் உடைந்தது, ஒலிபெருக்கியில் அதுவும் கேட்டிருக்கும்.

மதியத்துக்குள் எல்லாம் விற்றுவிட்டது. என்னிடம் வந்து உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை.